கருமிகளின் நூலில் ஒளிந்திருக்கும் கருணை

கொடையைப் பாடுவதில் தமிழும் அரபியும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். விருந்தினருக்காகத் தம் குதிரையையே அறுத்தவர் என்று சொல்லப்படும் ஹாத்திம் தாயீயின் பெயர் அரபு மண்ணில் கொடைக்கு மறுபெயராக வழங்குகிறது. நம் கீழக்கரைச் சீதக்காதி வள்ளலோ, இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியிலேயே குடியேறிவிட்டார். இவர்களைப் பாடிய புலவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், இப்பெருங்கொடைகளின் பேரொளியில் நம் கண்ணுக்குப் புலப்படாமற்போன வேறொரு நன்மை உண்டு.

அந்த நன்மைக்குத் தேர் வேண்டியதில்லை, குதிரையும் வேண்டியதில்லை. அண்டை வீட்டுப் பெண் கேட்டவுடன் எடுத்து நீட்டும் சட்டி, இருட்டிவிட்டதே என்று தயங்கி நிற்பவனுக்கு ஒதுக்கிக் கொடுக்கும் திண்ணை, எழுத்தில்லாமல் கொடுத்து வாங்கும் கைமாற்று, கிணற்றடியில் பிறருடைய குடத்திலும் ஊற்றிவிடும் ஒரு வாளித் தண்ணீர் ஆகியவையே அது. ஊர் என்று ஒன்று நிலைத்து நிற்பது வள்ளல்களால் மட்டுமன்று. பெரும்பாலும் இத்தகைய செயல்களால்தான். அவ்வாறிருக்க, இவற்றைப் பாடிய புலவர் யார்? காப்பியங்களில் தேடினோம், கஸீதாக்களில் தேடினோம். சிதறல்களாகச் சில குறிப்புகள் கிடைத்தனவேயன்றி, இவற்றையே பொருளாகக் கொண்ட படைப்பு எளிதில் அகப்படவில்லை. முடிவில் அது கிடைத்த இடம் வியப்புக்குரியது. கருமிகளைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நகைச்சுவை நூலில் அது கிடைத்தது.

ஹிஜ்ரி 255இல், அதாவது கி.பி. 868-869 அளவில், பஸராவில் மறைந்த அபூ உஸ்மான் அம்ரு பின் பஹ்ர் அல்-ஜாஹிழ் எழுதிய ‘கிதாபுல் புகலா’ என்பதே அந்நூல். ‘கருமிகளின் நூல்’ என்பது அதன் பொருள். 1900இல் வான் ஃப்ளோட்டன் அதனை லைடன் நகரில் பதிப்பித்தார்; 1948இல் தாஹா அல்-ஹாஜிரீயின் பதிப்பு கெய்ரோவில் வெளிவந்தது. 1951இல் பிரெஞ்சிலும், 1997இல் ஆங்கிலத்திலும் அது மொழிபெயர்க்கப்பட்டது. துருத்திய கண்களால் ‘ஜாஹிழ்’ என்னும் பட்டப்பெயர் பெற்ற இவ்வறிஞர், இளமையில் பஸராவின் ஸைஹான் கால்வாய்க்கரையில் ரொட்டியும் மீனும் விற்றுப் பிழைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். காசின் அருமையைக் கடைத்தெருவில் நின்று கற்றவர் எழுதிய நூல் இது என்பதை நினைவிற்கொண்டு படித்தால் அதன் சுவை இரட்டிக்கும். தம் நூலில் புதுமையான வாதமும், நுட்பமான தந்திரமும், வியப்பூட்டும் நிகழ்ச்சியும் கிடைக்கும் என்று ஆசிரியரே முன்னுரையில் உறுதி கூறுகிறார். நான்காவதாக ஒன்றும் அதில் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. அதையே நாம் இங்கே எடுத்துக்காட்ட விழைகிறோம்.

ஸுபைதா பின் ஹுமைத் என்னும் நாணயமாற்று வணிகரின் கதையை முதலில் பார்ப்போம். இலட்சம் தீனார்களுக்குச் சொந்தக்காரரான அவர் வீட்டு வாசலில் ஒரு நாள் சுமைகூலிக்காரன் வந்து கூலிக்காகக் கூச்சலிடுகிறான். வீட்டுக்காரர் கையில் அப்பொழுது பணமில்லை. அவருடைய காரியஸ்தரும் வெளியே போயிருக்கிறார். வாசலருகே கடை வைத்திருந்த ஓர் ஏழை மளிகைக்காரர் தம் கைக்காசிலிருந்து இரண்டு திர்ஹமும் நான்கு வாற்கோதுமை மணி எடையும் கொடுத்துக் கூலிக்காரனை அனுப்பி வைக்கிறார். ஆறு மாதம் கழித்துச் செல்வர் கடனைத் திருப்பித் தருகிறார். இரண்டு திர்ஹம் சரியாக இருக்கிறது, மணியெடையோ மூன்றுதான். ஒரு மணி, இரு மணி என்று மிச்சம் பிடித்து வாழும் கடைக்காரர் மனம் வெதும்பிக் கேட்கிறார். செல்வர் சொல்லும் விடை என்ன தெரியுமா? கடன் வாங்கியது கோடையிலாம், கொடுத்தது குளிர்காலத்திலாம், கோடையில் காய்ந்த நான்கு மணியைவிடக் குளிரில் ஈரம் ஏறிய மூன்று மணி கனமாம், ஆகவே கடைக்காரருக்கு மிச்சமே கிடைத்திருக்கிறதாம்!

படிப்பவர் சிரித்துவிடுவர். மாணவர்களுக்கு இப்பகுதியை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் வகுப்பு முழுவதும் சிரிப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால், சிரித்து முடித்தபின் அவர்களிடம் நாம் ஒன்றைக் கேட்பதுண்டு: இக்கதையில் நற்செயல் எங்கே இருக்கிறது? பலர் செல்வரையே நோக்கிக்கொண்டிருப்பதால் விடை சட்டென்று வருவதில்லை. நற்செயலோ கதையின் முதல் வரியிலேயே நடந்து முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் தலைகுனியக் கூடாதே என்று, கேட்காமலேயே தம் பையை அவிழ்த்தார் அந்த ஏழை. அதற்காக அவரை எவரும் வள்ளல் என்று அழைக்கவில்லை. அவருடைய பெயரைக்கூட நூலாசிரியர் எழுதவில்லை. ஜாஹிழின் நூல் நெடுகிலும் நாம் காண்பது இந்த அமைப்பைத்தான். கருமிக்குப் பெயர் உண்டு. உதவியவருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. கருமி முன்னால் நின்று முழங்குகிறான். கருணையோ பின்னால் ஓசையின்றி நடமாடுகிறது.

அபூ மாஸின் என்பவரின் கதையும் இத்தகையதே. ஜபல் என்னும் நண்பர் ஓரிரவு வெகுநேரம் கழித்து ஓரிடத்திலிருந்து வீடு திரும்பப் புறப்படுகிறார். இரவுக் காவலரிடம் அகப்பட்டுக்கொள்வோமோ என்று அஞ்சி, வழியில் இருந்த அபூ மாஸினின் கதவைத் தட்டுகிறார். அவர் கேட்பது உணவன்று; வயிறு நிறைந்திருக்கிறது. போர்வையுமன்று, பருவம் குளிருமற்றது, வெப்பமுமற்றது. வாசல் நடையில் விடியும்வரை சற்றுக் கண்ணயர இடம், அவ்வளவுதான். நண்பனைக் கண்டதும் மரணத்தின் வானவரைக் கண்டவர்போல் திகைத்த அபூ மாஸின், போதை தலைக்கேறியவர்போல் நடித்து, நீர் சொல்வது எதுவும் எமக்கு விளங்கவில்லை என்று குளறி, முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடுகிறார்.

இவ்விடத்தில் ஜாஹிழின் கலைநுட்பத்தை நாம் உற்றுநோக்க வேண்டும். வந்தவனுக்குத் தேவையானவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார் ஆசிரியர். உணவு வேண்டாம், படுக்கை வேண்டாம், போர்வை வேண்டாம். எல்லாம் கழிந்தபின் எஞ்சுவது கதவைத் திறக்கும் மனம் ஒன்றே. செலவு என்று ஒரு காசும் இல்லாத அந்த இடத்திலும் மறுப்பு வருகிறது. ஆகவே கருமித்தனம் என்பது பொருளைப் பற்றிய நோய் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தது பிழையாகிறது. அது பிறரைப் பற்றிய அச்சம். தம் வாசலில் இன்னொரு மனிதன் நிற்பதையே தாங்கமாட்டாத அச்சம். இதை ஓர் அறவுரையாகச் சொல்லியிருந்தால் நாம் தலையசைத்துவிட்டு மறந்திருப்போம். கதவு சாத்தப்படும் ஓசையாகச் சொன்னதால் அது மனத்தில் தைக்கிறது.

குராஸான் மக்களைப் பற்றிய கதைகளோ பெரும்புகழ் பெற்றவை. ஒரே வீட்டில் கூடித் தங்கிய சிலர் விளக்கெண்ணெய்க்காகக் காசு திரட்டுகிறார்கள். ஒருவன் மட்டும் தன் பங்கைத் தர மறுக்கிறான். விளக்கு ஏற்றப்பட்டதும் மற்றவர்கள் அவன் கண்களைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். உறங்கும் நேரம் வந்து விளக்கு அணைந்தபின் அவிழ்த்துவிடுகிறார்கள்! ஒளி என்பது பத்துப்பேர் கண்ட பின்னும் பதினொன்றாமவனுக்குக் குறையாதது. பங்கிட்டால் குறையாத பொருளையும் பங்கிட மறுக்கும் மனத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலுமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

மர்வ் நகரத்து வணிகன் ஒருவன் ஹஜ்ஜுக்கும் வாணிபத்துக்கும் செல்லும்போதெல்லாம் இராக்கில் ஒரு நண்பரின் வீட்டில் தங்குவான். உண்டு உறங்கி விடைபெறுகையில், தாங்கள் ஒருமுறை எங்கள் மர்வுக்கு வரமாட்டீர்களா, கைம்மாறு செய்ய ஏங்குகிறேனே என்று உருகுவான். காலம் சென்று அந்த இராக்கியர் உண்மையாகவே மர்வுக்குப் போய்ச் சேர்ந்தார். வணிகனோ அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முகத்தை மூடிய துணி தடையோ என்று அதை விலக்கினார், தலைப்பாகையை அகற்றினார், குல்லாவையும் எடுத்தார். இனி ஒளிந்துகொள்ள வழியில்லை என்று கண்ட வணிகன், உம் தோலையே உரித்து வெளியே வந்தாலும் உம்மை எனக்குத் தெரியாது என்று முடித்துவிட்டான். இக்கதையில் பல ஆண்டுகள் சோறிட்டவரைப் பற்றி ஆசிரியர் சில சொற்களே செலவிடுகிறார். அவர் இட்ட சோற்றின் அளவு என்ன, கறி என்ன என்ற வருணனை ஏதும் இல்லை. கொடுத்தவர் அதைக் கணக்கில் வைக்கவில்லை, ஆசிரியரும் வைக்கவில்லை.

இங்கேதான் நம் ஆய்வின் மையக்கருத்து தோன்றுகிறது. இந்நூலின் கருமிகள் எல்லோரும் பேச்சாளர்கள். அப்பாஸிய கலீஃபா மஃமூனின் நூலகத்தை நிருவகித்த ஸஹ்ல் பின் ஹாரூனின் பெயரால், சிக்கனத்தை ஆதரிக்கும் நீண்ட மடல் ஒன்று நூலின் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. வீட்டுக்காரர் அல்-கிந்தீயோ, குடியிருப்பவரின் வீட்டுக்கு இரு உறவினர் வந்து தங்கியதற்காக வாடகையை முப்பது திர்ஹத்திலிருந்து நாற்பதாக உயர்த்திவிட்டு, கழிவுநீர்க் குழி நிரம்புவது முதல் படிகள் தேய்வதுவரை காரணங்களை அடுக்குகிறார். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது. ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வாதங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பலவற்றை எளிதில் மறுக்கவும் இயலாது. மாறாக, கூலிக்காரனுக்குக் காசு கொடுத்த கடைக்காரரிடம் தத்துவம் ஏதும் இல்லை. தேவை கண்ணிற்பட்டது, கை நீண்டது. காரணம் தேடத் தொடங்கிய கணத்திலேயே சிறு நன்மை செத்துவிடுகிறது என்பதை ஜாஹிழ் ஓரிடத்திலும் சொல்லாமல், நூல் முழுவதிலும் காட்டிவிடுகிறார்.

பெருங்கொடையைப் பாட்டு ஏற்றுக்கொண்டதும், சிறு நன்மையை ஏற்காததும் எதனால் என்பது இப்போது விளங்கும். புகழ்ப்பாட்டுக்கு ஒரு தலைவன் வேண்டும். அவன் உயர்ந்து நிற்க வேண்டும். பெறுபவன் தாழ்ந்து நிற்க வேண்டும். சிறு நன்மையிலோ உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை. இன்று சட்டி கொடுத்தவள் நாளை உப்புக் கேட்டு வருவாள். அங்கே பாடுவதற்குத் தலைவன் இல்லாததால் பாட்டும் இல்லை. உரைநடையே, அதிலும் நகையே, அதற்குப் பொருந்திய கருவியாயிற்று.

பாட்டு கைவிட்ட இந்நன்மையை வேதம் கைவிடவில்லை. திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் ஏழே வசனங்கள் கொண்டது. அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், தொழுகையில் பராமுகமாகவும் முகஸ்துதிக்காகவும் நடப்போரையும் கண்டித்துவரும் அவ்வத்தியாயம், அதே மூச்சில் ‘மாஊன்’ என்பதை மறுப்போரைக் கண்டித்து முடிகிறது. அச்சொல்லே அத்தியாயத்தின் பெயராகவும் அமைந்தது. மாஊன் என்பது யாது? கோடரி, சட்டி, வாளி போன்று மக்கள் தமக்குள் இரவல் கொடுத்து வாங்கும் பொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக விளக்கம் வந்துள்ளது. ஸகாத்தே அது என்போரும் உளர். இக்ரிமா அவர்களோ இரண்டையும் இணைத்து, அதன் உச்சி ஸகாத், அதன் கீழ்ப்படி சல்லடையும் வாளியும் ஊசியும் என்று கூறினார்கள். ஊசி! ஓர் ஊசியை இரவல் தர மறுப்பதும் அநாதையை விரட்டுவதும் ஒரே அத்தியாயத்தில் வந்து நிற்கின்றன. நம் மேடைகளில் இவ்வத்தியாயம் விளக்கப்படும்போது பேச்சு பெரும்பாலும் உச்சியிலேயே நின்றுவிடுகிறது. கீழ்ப்படிக்கு இறங்கி வருவதில்லை. கீழ்ப்படியில் கால் வைக்காமல் உச்சிக்கு ஏறுவது எவ்வாறு என்று நாம் கேட்கிறோம்.

தமிழிலும் இதற்கு நேரான சொல் இல்லாமலில்லை. ‘குறியெதிர்ப்பை’ என்று நம் முன்னோர் வழங்கினர். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது என்பது அதன் பொருள். வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் இச்சொல்லைக் கையாளும்போது, இல்லாதவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்று உயர்த்தி, ஏனையவற்றைக் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்று ஒதுக்கிவிடுகிறார். ஈகையின் இலக்கணத்தை வரையறுக்க அது தேவைதான். ஆனால், அதே சொல்லுக்குப் புறநானூற்றின் 163ஆம் பாடலில் கிடைக்கும் மதிப்பு வேறு. குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், எவரெவர்க்குக் கொடுக்க வேண்டுமென்று தம் மனைவியிடம் அடுக்குகையில், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களையும் மறவாமல் சேர்க்கிறார். மன்னன் தந்த பெருஞ்செல்வம் வந்த நாளில், முன்பு நாழியரிசி கொடுத்து அடுப்பெரிய வைத்த அயலாரை அப்புலவர் நினைக்கிறார். குமணனின் கொடைக்கு முன்பே அக்குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தாம் அல்லவா?

வள்ளுவரும் இச்சிறுமையின் மறுபக்கத்தை அறியாதவர் அல்லர். கயமை அதிகாரத்தில், உண்ட கையின் ஈரத்தைக்கூட உதறமாட்டாத கீழ்மக்களைக் காட்டுகிறார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நம் தாய்மார் இன்றும் ஏசுவது அதே உருவத்தைத்தான். கோடை ஈரமும் குளிர்கால ஈரமும் பேசிய ஸுபைதா பின் ஹுமைத், இந்த ஈரக்கைக்காரனுக்கு உடன்பிறந்தவன் என்பதில் ஐயமில்லை. சிறு நன்மையை நேரே பாடாமல், அதன் மறுப்பை எள்ளிக் காட்டுவதே எளிது என்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

ஜாஹிழின் நூலைக் குறையே அற்றது என்று நாம் போற்றவில்லை. முதலாவதாக, ஓர் ஊரார் அனைவரையும் கருமிகள் என்று முத்திரை குத்துவது நீதியன்று. மற்ற ஊர்களின் சேவல்கள் தானியத்தைக் கொத்திப் பேடுகளுக்கு முன் போடும், மர்வின் சேவல்களோ பேடுகளின் அலகிலிருந்தே பறிக்கும் என்று ஒருவர் கூறியதை அவர் எடுத்தெழுதுகையில் நகை மிகுதிதான். ஆயினும், அரபியர் பெரியரா அரபியரல்லாதார் பெரியரா என்று அக்காலத்தில் நடந்த பூசலின் புழுதி அந்நகையில் படிந்திருக்கிறது. இரண்டாவதாக, சிக்கனத்தையும் கருமித்தனத்தையும் அவர் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார். மர்யம் என்னும் பெண்மணி, மகள் பிறந்த நாள்முதல் மாவு பிசையும்போதெல்லாம் ஒருபிடி எடுத்துவைத்து விற்றுச் சேர்த்து, மகளின் திருமணத்தைச் சிறப்பாக நடத்திக் கணவரையே வியக்கவைத்த கதையும் இந்நூலில் இருக்கிறது. அவள் எவர் முகத்துக்கும் எதிரே கதவைச் சாத்தவில்லையே! தன் வாயைக் கட்டுவது சிக்கனம். பிறர் வாசலை அடைப்பது கருமித்தனம். இந்த எல்லைக்கோட்டை ஆசிரியர் தெளிவாகக் கிழித்திருக்கலாம். மூன்றாவதாக, கருமிகளின் நாவன்மையில் அவரே மயங்கிவிட்டாரோ என்று ஐயுறும் இடங்களும் உள. ஆனால், இம்மயக்கம் வாசகரையும் தொற்றும்போதுதான் நமக்குள்ளும் ஓர் அல்-கிந்தீ வாடகைக் கணக்கோடு உட்கார்ந்திருப்பது தெரியவருகிறது. அவ்வகையில் இக்குறை ஒரு பயனாகவும் மாறிவிடுகிறது.

இதையெல்லாம் இத்துணை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஏடுகளுக்கு வரும் கவிதைகளையும் கதைகளையும் நாம் ஆண்டுக்கணக்காகப் படித்து வருகிறோம். நன்மை செய்பவர் யார் என்று அவற்றில் தேடினால், பெரும்பாலும் ஒரு செல்வரே வருகிறார். குமருக்குக் கல்யாணம் முடித்து வைக்கிறார். மதரஸாவுக்குக் கட்டடம் எழுப்புகிறார். ஏழை மாணவனைப் படிக்க வைக்கிறார். நல்ல செயல்கள்தாம். ஆனால், இவற்றையே இடைவிடாது படிக்கும் ஓர் ஏழைப் பிள்ளையின் மனத்தில் என்ன பதியும்? கொடுப்பது பணக்காரர் வேலை, வாங்குவது நம் வேலை என்பதன்றி வேறென்ன பதியும்? அறம் செய்யும் உரிமையையே அவனிடமிருந்து இலக்கியம் பறித்துவிடுகிறது. சகோதரனின் முகம் நோக்கிப் புன்னகைப்பதும், பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும், தன் வாளியிலிருந்து அவன் வாளியில் ஊற்றுவதும் தர்மமே என்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது அழகன்று. அந்தப் போதனையில் ஏழைக்கும் செல்வனுக்கும் வாளி ஒன்றுதான்.

எழுதுவதற்குப் பொருள் இல்லையென்று எவரும் கூற இயலாது. ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்காக வரிசையாய் வந்து நிற்கும் தூக்குகளில், தெருவின் எல்லாச் சமயத்தார் வீட்டுத் தூக்குகளும் இருக்கின்றன. கல்யாண வீட்டுத் தேக்சாவும் ஸஹனும் வீடு வீடாகச் சென்று திரும்புகின்றன. கடிதம் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு மகனின் கடிதத்தைப் படித்துக் காட்டி, கடுமையான வரியை மட்டும் விழுங்கிவிட்ட சிறுவர்கள் ஒரு காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். இவற்றில் எதுவும் கல்வெட்டில் ஏறாது. நன்றி கூறும் கூட்டத்தில் பொன்னாடை பெறாது. ஏறாதவற்றை எழுதிவைப்பதுதானே இலக்கியத்தின் வேலை?

இளம் எழுத்தாளர்கள் இந்த வாளியையும் சட்டியையும் கையில் எடுக்க வேண்டும். நேரே பாட இயலாவிட்டால் ஜாஹிழைப்போல் மறுத்தவனை எள்ளியாவது எழுதட்டும். எழுதும்போது ஒன்றை மட்டும் மறவாதிருக்கட்டும்: உதவியவனைப் பேசவிடலாகாது. கூலிக்காரனுக்குக் காசு கொடுத்த அந்த மளிகைக்காரர் தம் நன்மையைப் பற்றி ஒரு சொல்லும் விரித்துரைக்கவில்லை. குறைந்துபோன ஒரு மணியைப் பற்றி மட்டுமே கேட்டார். அந்த ஒரு மணிக்காக ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அவர் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.